பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கே தள்ளிவிட்டார்? நிமிட நாடகத் தொடருக்குக் கோளாறு பார்க்கும் முறை

வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் உடனே மடையை இன்னும் அகலமாகத் திறக்க மாட்டார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி ஒரு நடை நடப்பார்கள். எங்கேயாவது ஒரு நண்டு வளை இருக்கும். சேற்றை அள்ளிப் போட்டு மிதித்து அடைத்தால் தண்ணீர் நின்றுவிடும்.

போனில் நிமிர்ந்தவாக்கில் பார்க்கிற நிமிட நாடகத் தொடருக்கும் இதே கதைதான். ஆள் நிற்கவில்லை என்றதும் பலரும் மடையைத்தான் திறக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று எபிசோட் போடுகிறார்கள், விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள், முகப்புப் படத்தில் சிவப்பு எழுத்தில் ‘அதிர்ச்சி’ என்று எழுதுகிறார்கள். வளை அப்படியே இருந்தால் எவ்வளவு விட்டாலும் வெளியேதான் போகும்.

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு ஊரில், ஐந்து பேர் சேர்ந்து இந்த மாதிரித் தொடர்கள் எடுக்கிறோம். இரண்டு போன், இரண்டு காலர் மைக், ஒரு எல்.இ.டி. பேனல், அவ்வளவுதான் சாமான். எங்கள் முதல் தொடர் ஒரு பழைய வீட்டையும் காணாமல் போன பத்திரத்தையும் பற்றியது. கீழே இருப்பதெல்லாம் அந்தத் தொடரில் பட்டுத் தெரிந்துகொண்டவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொடரில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஆனால் முதலில் வரப்பு நடந்துவிடுங்கள்.

வரப்பு நடப்பது எப்படி

இரண்டு வழி உண்டு, இரண்டுமே வேண்டும்.

முதல் வழி, யூடியூப் ஸ்டூடியோ, அதாவது வீடியோ போடுபவர்களுக்கு யூடியூப் கொடுக்கும் செயலி. ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும், அதாவது நிமிர்ந்தவாக்கில் இருக்கும் ஒவ்வொரு குறும் வீடியோவுக்கும், அதன் அனலிடிக்ஸ் என்ற புள்ளிவிவரப் பக்கத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை சதவீதம் பேர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனார்கள் என்பது ஒன்று. வினாடிக்கு வினாடி எவ்வளவு பேர் மிச்சம் இருந்தார்கள் என்று காட்டும் கோடு இன்னொன்று. இந்தக் கோடு எங்கே சடக்கென்று இறங்குகிறதோ அந்த வினாடியைக் குறித்துக்கொண்டு, வீடியோவில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்குவது இயல்பு. படிக்கட்டு மாதிரி இறங்கினால் அங்கே ஒரு வளை இருக்கிறது. ஆரம்பத்தில் கோடு நூறு சதவீதத்தைத் தாண்டி நின்றால் பயப்பட வேண்டாம், முடிந்ததும் மறுபடி ஓடியதை இரண்டாவது முறையாகப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, ஆள். யூடியூப் புள்ளிவிவரம் ‘எங்கே’ என்று சொல்லும், ‘ஏன்’ என்று சொல்லாது. அதற்குத் தொடரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். “இது நாங்க எடுத்தது” என்று சொல்லவே கூடாது. சொன்னால் முகம் பார்த்துப் பாராட்டிவிடுவார்கள். அவர்கள் முகத்தையும் பார்க்காதீர்கள், கட்டைவிரலைப் பாருங்கள். கதை பிடித்திருந்தால் விரல் போனின் ஓரத்தில் படுத்திருக்கும். பிடி தளரும்போது விரல் எழுந்து திரைக்கு மேல் வந்து நிற்கும். தள்ளுவதற்கு முன் அரை வினாடி அப்படி நிற்கும். அந்த அரை வினாடியில் திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில்.

பேருந்து நிலையத்துப் பக்கம் பூ கட்டி விற்கும் ஒரு அத்தையிடம் முதன்முதலில் இதைச் செய்தேன். ஒரு கையில் நாரும் மல்லிகையும் இருந்தன. கட்டுவதை நிறுத்திவிட்டு இன்னொரு கையில் போனை வாங்கினார். நான்காவது வினாடியில் தள்ளிவிட்டார்.

“ஏன் அத்தை தள்ளிட்டீங்க?”

“யாரு என்னன்னே தெரியலையே தம்பி. வயலையே காட்டிக்கிட்டு இருக்கு. வயல் நான் பாக்காததா?”

அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறிகுறி: முதல் இரண்டு மூன்று வினாடியிலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்

டெல்டாவில் எடுக்கிற எல்லோருக்கும் வரும் கோளாறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் அழகு. ட்ரோன் கிடைத்தால் பச்சை வயல், வாய்க்கால், தூரத்தில் கோபுரம் என்று ஆரம்பிக்கத்தான் மனசு வரும். சினிமாவில் அது சரி. அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் எழுந்து போக மாட்டார். போனில் பார்ப்பவர் உட்காரவே இல்லை. போகிற போக்கில் உங்கள் வாசலை எட்டிப் பார்க்கிறார். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது உள்ளே ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பது.

வயலில் ஆரம்பிப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் அசையும் நெற்பயிர், மழை, ஆற்றுத் தண்ணீரின் சலனம் எல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அசைவுகள். வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் குழம்புவது இவைதான். சிக்னல் குறைவாக இருக்கும் கிராமத்தில், நீங்கள் பச்சைப் பசேலென்று எடுத்தது பார்ப்பவர் போனில் பாசி படிந்த மாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரியும். முகத்தின் கிளோசப் அதே சிக்னலில் தெளிவாக இருக்கும்.

எங்கள் முதல் எபிசோட் முதலில் எப்படி இருந்தது என்றால்: வயல், தொடரின் பெயர், “இது ஒரு குடும்பத்தின் கதை” என்று ஒரு பின்னணிக் குரல், அப்புறம் வாசல் கதவு திறக்கிறது. எட்டு வினாடி. பூக்கார அத்தை சொன்ன பிறகு எல்லாவற்றையும் வெட்டினோம். இப்போது அது நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவும் ஒரு பெண்ணோடு ஆரம்பிக்கிறது. வளையல் மரத்தில் உரசும் சத்தம். முகம் மட்டும் வெளியே, கண் வாசல் பக்கம். பின்னாலிருந்து அக்கா குரல்: “என்னடி தேடுற?” இவ்வளவும் மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். தொடரின் பெயர் அதற்கு அப்புறம் மூலையில் சின்னதாக வருகிறது.

சரிபார்க்க ஒரு எளிய வழி: உங்கள் எபிசோடின் முதல் மூன்று வினாடியை மட்டும் வெட்டி, தெரியாத ஒருவரிடம் காட்டி, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். தப்பாகவாவது ஏதாவது ஊகித்துச் சொன்னால் நல்லது. “தெரியலையே” என்று சொன்னால் மறுபடி வெட்டுங்கள்.

கோயில் திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் வருவதற்கு முன்னால் பபூன் வந்து கூட்டத்தைக் கட்டிப்போட்டுவிடுவார். மேடை அலங்காரத்தைக் காட்டிக் கூட்டம் சேர்த்தவர் யாரும் கிடையாது.

அறிகுறி: ஆரம்பம் நிற்கிறது, நடுவில் விழுகிறது

இருபதாவது வினாடிக்கும் நாற்பதாவது வினாடிக்கும் நடுவில் கோடு விழுந்தால், பத்தில் எட்டு முறை அங்கே ஒருவர் இன்னொருவருக்குத் தெரிந்த விஷயத்தையே அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். “உனக்கே தெரியும், நம்ம அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு, பெரியப்பாதான் எல்லாத்தையும் பார்த்துக்கிறாரு...” பார்வையாளருக்கு விவரம் சொல்வதற்காக எழுதிய வசனம் இது. பார்வையாளருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இதற்குத் தமிழே நமக்கு மருந்து கொடுத்திருக்கிறது. நம் உறவுமுறைச் சொற்களை நினைத்துப் பாருங்கள். ‘அத்தான்’ என்று ஒரு பெண் கூப்பிட்டால் அவன் யார் என்று பாதி தெரிந்துவிடுகிறது. ‘கொழுந்தனாரே’ என்றால் இன்னும் தெளிவு. ‘சின்ன மாமியார்’ என்று ஒருவரைக் காட்டிச் சொன்னால் அந்த வீட்டின் வரைபடமே கண்ணில் வருகிறது. மேலே இருக்கிற நீள வசனத்தை நாங்கள் எடுத்துவிட்டு ஒரே வரி வைத்தோம். தங்கை, குரலை உயர்த்தாமல் கேட்கிறாள்: “பெரியப்பா, அப்பா கையெழுத்த நீங்களே போட்டீங்களா?” உறவு, சாவு, சொத்து, சந்தேகம் நான்கும் அதில் வந்துவிட்டன. பதினைந்து வினாடி மிச்சம்.

மரியாதை விகுதியும் அப்படித்தான். நேற்றுவரை ‘நீங்க’ என்றவள் இன்றைக்கு ‘நீ’ என்கிறாள் என்றால் அதுவே ஒரு திருப்பம். அதை வீணாக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஒரு தொடரில் அந்த ‘நீ’ ஒரே ஒரு முறைதான் வர வேண்டும், எந்த எபிசோடில் என்று எழுதும்போதே முடிவு பண்ணிவிட வேண்டும்.

வசனம் சரியாக இருந்தும் நடுவில் விழுந்தால், அந்த எபிசோடில் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். ஆரம்பத்தில் யார் கை ஓங்கியிருந்ததோ, கடைசியிலும் அவர் கையே ஓங்கியிருக்கிறதா? அப்படியானால் அது எபிசோட் ஆகாது, ஒரு எபிசோடின் முன்பாதி. இரண்டை ஒட்டி ஒன்றாக்குங்கள்.

அறிகுறி: மூன்று நிமிடம் ஆக்கியதும் எல்லாம் படுத்துவிட்டது

யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று மாறியது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் 2025 ஜனவரியில் மூன்று நிமிடத்துக்கு வந்தது. இடம் கிடைத்தது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. எங்களுக்கு 70 முதல் 100 வினாடி ஒத்துவருகிறது. நீளமாகப் போக வேண்டுமானால், நடுவில் இன்னொரு திருப்பம் வைக்கக் கதையில் சரக்கு இருக்க வேண்டும்.

கூடவே பாட்டைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் வேறு ஒருவர் உரிமை கோரும் பாட்டு இருந்தால் வீடியோவே முடக்கப்படலாம். பின்னணிக்குச் சினிமாப் பாட்டைத் தேடாதீர்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு இசைக்குப் பஞ்சம் என்று சொல்லலாமா? தெரிந்த தவில்காரர் ஒருவரிடம் முறையாகக் கேட்டு, பேசிய பணத்தைக் கொடுத்து, அரை மணி நேரம் பதிவு செய்துகொண்டோம். ஒற்றைத் தவில் அடியைப் போல நெஞ்சைப் பிடிக்கிற சத்தம் எந்த இலவச இசைக் கிடங்கிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அறிகுறி: கடைசிவரை பார்க்கிறார்கள், அடுத்த எபிசோடுக்கு வருவதில்லை

இதில் இரண்டு வளை இருக்கலாம். ஒன்று கதையில், இன்னொன்று வழியில். வழியை முதலில் பாருங்கள், அது சுலபம்.

ஷார்ட்ஸ் ஓட்டத்தில் வீடியோக்கள் வரிசைப்படி வருவதில்லை. ஏழாவது எபிசோடை முதலில் பார்ப்பவர்தான் அதிகம். அவர் அடுத்ததைத் தேட விரும்பினாலும் எங்கே தேடுவது? பலர் கமென்டில் லிங்க் போடுகிறார்கள். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் கமென்டிலும் விளக்கத்திலும் போடும் லிங்க்கைத் தட்டினால் திறக்காது. அதற்குப் பதிலாக ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் ‘தொடர்புடைய வீடியோ’ வைக்கும் வசதி இருக்கிறது. அதில் அடுத்த எபிசோடைக் கொடுங்கள். கூடுதல் வசதிகளுக்கான சரிபார்ப்பை முடித்த கணக்குகளுக்கு இது கிடைக்கும். எபிசோட் 8 வெளியானதும் எபிசோட் 7-க்குத் திரும்பிப் போய் இதை மாற்ற வேண்டும். இதை மறந்துவிடுவார்கள். எங்களில் ஒருவருக்கு இது மட்டும்தான் வேலை.

தலைப்பில் எண் முதலில் வரட்டும், பெயர் அப்புறம். போனில் தலைப்பின் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும். ‘பத்திரம் எங்கே போனது தெரியுமா... பாகம் 7’ என்று வைத்தால் 7 யார் கண்ணிலும் படாது. பிளேலிஸ்ட் கட்டாயம் வேண்டும். எண்ணைத் திரையிலும் மேல்பக்கம் ஓரமாகப் போடுங்கள்.

இனி கதை. முடிவில் கொக்கி போட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எந்தக் கொக்கி? எங்கள் நான்காவது எபிசோட் இப்படி முடிந்தது: இரவு, கதவு தட்டும் சத்தம், அக்கா திடுக்கிட்டுத் திரும்புகிறாள், தொடரும். ஐந்தாவது எபிசோடில் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சித்தி, மோர் வாங்க வந்திருக்கிறாள். அந்த எபிசோடின் கீழே ஒருவர் “இதுக்குத்தானா நேத்து தூங்காம இருந்தேன்” என்று எழுதினார். அவர் சொன்னது நியாயம். ஒரு முறை அப்படி ஏமாந்தவர் அடுத்த முறை கதவு தட்டும்போது நம்ப மாட்டார்.

இப்போது எங்கள் கணக்கு: கடைசியில் என்ன கேள்வி வைத்தோமோ, அடுத்த எபிசோடின் முதல் பத்து வினாடிக்குள் அதற்குப் பதில் வந்துவிட வேண்டும். பதில் வந்த கையோடு அதைவிடப் பெரிய கேள்வி பிறக்க வேண்டும். பதிலைத் தள்ளிப்போட்டால் பார்வையாளரும் நம்மைத் தள்ளிவிடுவார்.

வெட்டும் இடமும் முக்கியம். “அந்தக் கையெழுத்து அப்பாவோடது இல்ல” என்று தங்கை சொல்கிறாள். சொல்பவள் முகத்தில் வெட்டாதீர்கள். கேட்பவள் முகத்துக்குப் போங்கள். அவள் வாயைத் திறக்கிறாள், பதில் வருவதற்கு முன் வெட்டுங்கள். சொல்பவள் முகத்தில் முடித்தால் ஒரு செய்தி சொன்ன மாதிரி முடிந்துவிடும். கேட்பவள் முகத்தில் முடித்தால் ‘அக்காவுக்கு இது முன்னாடியே தெரியுமோ’ என்று ஒரு சந்தேகம் தானாக வருகிறது, அதை நாம் எழுத வேண்டியதே இல்லை.

‘தொடரும்’ அட்டையைத் தனியாகக் கறுப்புத் திரையில் இரண்டு வினாடி வைப்பதை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு வினாடி, ‘இப்போ தள்ளிக்கோ’ என்று நாமே கதவைத் திறந்துவிடுவது. கடைசி முகத்தின் மேலேயே எழுத்தைப் போடுங்கள்.

அறிகுறி: “சத்தம் கேக்கல”, “என்ன பேசுறாங்கன்னு புரியல”

இப்படி ஒரு கமென்ட் வந்தால், எழுதாமல் போனவர்கள் பல மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸிலும் மயிலாடுதுறை – தஞ்சாவூர் ரயிலிலும் பார்க்கிறவர்களை நினைத்துக்கொண்டு சத்தத்தை அமைக்க வேண்டும். எடிட் பண்ணும்போது ஹெட்போனில் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கடைசியாக ஒரு முறை விலை குறைந்த போனின் சின்ன ஸ்பீக்கரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேளுங்கள்.

போன் ஸ்பீக்கரில் கனத்த அடிக்குரல் சத்தம் வராது. அதனால் பின்னணி இசையின் அதிரல் அங்கே வெறும் இரைச்சலாகி வசனத்தை மூடிவிடும். எடிட் பண்ணும்போது குரல் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கனத்த ஒலியை வெட்டிவிடுங்கள். பம்ப்செட் மோட்டாரின் உறுமலும் பேன் சத்தமும் அதில் பெருமளவு குறையும். மொத்த ஒலி அளவை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் வையுங்கள். யூடியூப் அதற்கு மேல் இருப்பதைத் தானே குறைத்துவிடும், ஆனால் குறைவாக இருப்பதை ஏற்றித் தராது.

எடுக்கும்போதே தவிர்க்க வேண்டியவை நம் ஊரில் சில உண்டு. மார்கழி விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி, ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாச் சத்தம், தை அறுவடையில் பெல்ட் மெஷின். மெஷின் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் காலர் மைக்கில் ஏறிவிடும். அந்த நாட்களில் வசனம் இல்லாத காட்சிகளை எடுத்துவிட்டு, வசனத்தை இரவில் கொல்லைப்பக்கத்து அறையில் எடுக்கிறோம். மைக்கைப் புடவை மடிப்புக்குள் வைத்தால் உரசல் கேட்கும். புடவைத் தலைப்பின் மேல் ஓரத்தில், துணி அசையாத இடத்தில் ஒரு சின்னத் துண்டு மருத்துவ டேப் போட்டு ஒட்டுங்கள்.

சப்டைட்டில் வேண்டும், பேச்சு நடையிலேயே. தமிழ்ச் சொற்கள் நீளம், சின்ன எழுத்தில் கொம்பும் புள்ளியும் கலந்துவிடும். ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சொல்லின் நடுவில் வரி உடையக் கூடாது. தானியங்கி வசன எழுத்தை அப்படியே விட்டால் டெல்டாப் பேச்சில் தப்பு தப்பாக வரும், கையால் திருத்துங்கள்.

அறிகுறி: எழுத்து மறைகிறது, தலை வெட்டுப்படுகிறது

திரையின் கீழ்ப்பக்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையும் வலது ஓரத்தையும் தலைப்பும் பொத்தான்களும் பிடித்துக்கொள்ளும். சப்டைட்டில் மார்பு உயரத்தில், சற்று இடப்பக்கம் இருக்கட்டும். படுக்கைவாக்கில் எடுத்ததை 9:16 என்ற நிமிர்ந்த அளவுக்கு வெட்டிப் போடுவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் படம் வெறிச்சென்று இருக்கிறது

நிமிர்ந்த சட்டத்தில் அகலம் கிடையாது. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இருவருக்கும் பாதி உடம்புதான் மிஞ்சும். நிமிர்ந்த சட்டத்துக்கு வேண்டியது ஆழம். இதில் நமக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது, பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் நின்றால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். குறுகலான நீள வீடு. ஒன்றுக்குள் ஒன்றாக நிலைப்படிகள். நடுவில் முற்றத்தில் மட்டும் மேலேயிருந்து வெளிச்சம். இந்தச் சட்டத்துக்காகவே கட்டினது போல இருக்கும். தங்கையை ரேழி இருட்டில் முன்னால் நிறுத்துங்கள். முற்றத்து வெளிச்சத்தில் அக்கா. அதற்கும் பின்னால் கொல்லைக் கதவில் ஒரு நிழல். மூன்று பேர், ஒரே சட்டம், யாரும் வெட்டுப்படவில்லை. யார் யாரை ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது வசனமே இல்லாமல் புரிகிறது. பகல் பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் முற்றத்து வெளிச்சம் செங்குத்தாக விழும், எல்.இ.டி. பேனலே வேண்டாம்.

அந்த மாதிரி வீடு கிடைக்கவில்லையா? நெல் மூட்டை அடுக்கிய நடைவழி, ஆற்றுப் படித்துறை, இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சந்து. படித்துறையில் மேல்படியில் ஒருவரும் கீழ்ப்படியில் ஒருவரும் நின்றாலே சட்டம் நிறைந்துவிடும்.

அறிகுறி: விளக்கு பட்டை பட்டையாக ஓடுகிறது, உதடும் குரலும் விலகுகின்றன

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் விலை குறைந்த எல்.இ.டி.யும் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். போன் வினாடிக்கு 30 ஃப்ரேமில் (ஒரு ஃப்ரேம் என்பது ஒரு தனிப் படம்), தானாக வைத்துக்கொள்ளும் ஷட்டரில் எடுத்தால் பட்டை ஓடும். கேமராவில் எல்லாவற்றையும் கையால் வைக்கும் புரோ மோடுக்குப் போய் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வினாடி என்று பூட்டிவிடுங்கள். உதடு விலகுவதற்குக் காரணம், வெளிச்சம் குறையும்போது போன் ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்வது. எடுத்ததை எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: வியூஸ் ஏறுகிறது, ஆனால் தொடர்ந்து பார்ப்பவர் கூடவில்லை

2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில், வீடியோ ஓட ஆரம்பித்தாலே, திரும்ப ஓடினாலும், ஒரு வியூ என்று கணக்கு வைக்கிறார்கள். குறைந்தது இவ்வளவு வினாடி பார்த்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. அதற்கு முன்னால் போட்ட தொடரோடு இந்த எண்ணை ஒப்பிட்டுச் சந்தோஷப்படவோ வருத்தப்படவோ கூடாது. ஈடுபாட்டோடு பார்த்தவர்களின் எண்ணிக்கை அனலிடிக்ஸில் தனியாக இருக்கிறது, அதைப் பாருங்கள். தொடர் நாடகத்துக்கு அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எபிசோட் 10-ஐ முழுதும் பார்த்தவர்கள் எபிசோட் 3-ஐ முழுதும் பார்த்தவர்களில் எத்தனை பங்கு? இதை நாங்கள் ஒரு நோட்டில் கையால் எழுதி வைக்கிறோம்.

அறிகுறி: இருபதாவது எபிசோடுக்கு மேல் தேய்கிறது

சீனாவில் பரவிய நிமிட நாடகங்கள் அறுபது, எண்பது, சில சமயம் நூறு எபிசோட் வரை போகும். முதல் சிலவற்றை இலவசமாகக் காட்டி, மிச்சத்துக்குப் பணம் வாங்குவார்கள். அந்தக் கணக்குக்கு அந்த நீளம் வேண்டும். நமக்கு வேண்டாம். கையில் ஒரு ரகசியம் இருந்தால் இருபத்தைந்து எபிசோட் தாங்கும், இரண்டு இருந்தால் நாற்பது. ரகசியம் தீர்ந்த பிறகு புது வில்லனைக் கொண்டுவந்தால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் தொடரில் பத்திரம் கிடைத்த இடத்தில் முடிக்காமல் ஆறு எபிசோட் இழுத்தோம். அந்த ஆறும் வேண்டாதவை என்று இப்போதும் வருந்துகிறேன்.

பணம் மட்டும் இருந்தால் ஓடிவிடாது என்பதற்கு குவிபி என்ற அமெரிக்கச் செயலியைப் பாருங்கள். ஏறக்குறைய 175 கோடி டாலர் திரட்டி 2020 ஏப்ரலில் வந்தது, பத்து நிமிடத்துக்குள் முடியும் எபிசோடுகள், பெரிய பெரிய நடிகர்கள். அதே டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆரம்பத்தில் அதில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்தவருக்கு அனுப்பக்கூட முடியாது. நம் தொடர்கள் பரவுவதே ஒரு சித்தி இன்னொரு சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதால்தான். தனியாகப் பார்த்தாலும் புரிகிற, அனுப்பத் தோன்றுகிற எபிசோட் ஐந்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். எங்களுக்கு அது அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்ட எபிசோட். அதில் கதை ஒரு அடிகூட நகரவில்லை, ஆனால் அதுதான் அதிகம் அனுப்பப்பட்டது.

அறிகுறி: காரணமே இல்லாமல் சில வாரங்கள் விழுகிறது

கதையைத் தொடாதீர்கள், காலண்டரைப் பாருங்கள். குறுவை அறுவடையும் சம்பா நடவும் சேர்ந்து வரும் புரட்டாசி ஐப்பசியிலும், சம்பா அறுக்கும் தை மாசியிலும் எங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேர் வயலில் அல்லது களத்தில் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு அசந்து தூங்கிவிடுவார்கள். அந்த வாரங்களில் நாங்கள் மதியம் ஒரு மணிக்குப் போடுகிறோம்.

பார்வையாளர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று அனலிடிக்ஸில் பாருங்கள். டெல்டாவில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு குறைவு. நம் இரவு 8 மணி சிங்கப்பூரில் 10.30, துபாயில் 6.30. சிங்கப்பூரில் வேலை முடித்துப் படுத்திருப்பார், துபாயில் அப்போதுதான் வேன் ஏறியிருப்பார். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் நேரமாக எங்களுக்கு அமைந்தது 8 மணிதான். ஊரில் இருப்பவர்களுக்குத்தான் அறுவடைக் காலத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது.

கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, பழைய எபிசோடை அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

அழிக்க வேண்டாம். கீழே இருக்கும் கமென்டுகளும் யாரோ யாருக்கோ அனுப்பிய லிங்க்கும் சேர்ந்து போய்விடும். திருத்தத்தை அடுத்த எபிசோடிலிருந்து செய்யுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆரம்பம், சத்தம், நேரம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எந்த வளை அடைபட்டது என்று தெரியாது. மூன்று எபிசோட் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் எபிசோட் மட்டும் விதிவிலக்கு. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் என்றைக்காவது அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அதைத் திருத்தி வெட்டிப் புதிதாக ஏற்றுங்கள், பிளேலிஸ்டில் முதல் இடத்தைப் புதியதற்குக் கொடுங்கள், பழையதன் ‘தொடர்புடைய வீடியோ’வில் புதியதைக் காட்டுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு பூக்கடைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.